எர்னா அக்கரைக்குப் போன கதை

என் அண்ணன் லெஸ்டரின் மனைவி எர்னா, பதினோரு கோடைகாலம் ஒரு கல்தூணுக்குள் மேலும் கீழுமாகப் போய் வந்தாள். ஈரி ஏரியில் எங்கள் தீவின் இடுப்புப் பகுதி குறுகி, இரண்டு பக்கமும் தண்ணீர் நெருங்கி வருகிற இடத்தில் அந்தத் தூண் நிற்கிறது. முந்நூற்றைம்பது அடி உயரம். 1813இல் எங்கள் கப்பல்களும் ஆங்கிலேயர் கப்பல்களும் இந்த ஏரியில் மோதிக்கொண்டதற்கான நினைவுச் சின்னம் அது. அதன் தரைக்கடியில் ஆறு அதிகாரிகள் புதைந்திருக்கிறார்கள். மூன்று பேர் எங்கள் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம். எது யார் எலும்பு என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது. சாதாரண மாலுமிகளுக்குக் கல்லறை கிடையாது. அவர்கள் படுத்த தொங்கு படுக்கைத் துணியிலேயே வைத்துத் தைத்து, குண்டு கட்டி, ஏரியில் இறக்கிவிட்டார்கள்.

எர்னா அங்கே லிஃப்ட் ஓட்டினாள். சாம்பல் நிறச் சட்டை, பித்தளைப் பொத்தான், கையில் வெள்ளைத் துணி உறை. பார்வையாளர்கள் முதலில் முப்பத்தேழு படி ஏறி வர வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர்களை அவள் உள்ளே அழைத்து, கம்பிக் கதவை இழுத்து மூடி, மேல் மாடத்துக்குக் கொண்டுபோய் விடுவாள். ஒரு நாளைக்கு அறுபது தடவை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால், நாற்காலி லேசாக மேலே போவதுபோல இருக்கிறது என்பாள்.

"கிறுகிறுப்பா?" என்று கேட்பேன்.

"இல்ல வெல்டா. நல்லாத்தான் இருக்கு. தூங்கப் போறப்ப இருக்குமே, அந்த மாதிரி."

அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான், அம்மா, அவள், மூன்று பேர். லெஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டது 1942இல். அடுத்த ஆண்டே கடற்படைக்குப் போனான். போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் வேலை. 1944 டிசம்பரில் பசிபிக் கடலில் புயல் அடித்து அந்தக் கப்பல் கவிழ்ந்தது. 'காணவில்லை' என்று தந்தி வந்தது. ஓராண்டு கழித்து, இறந்ததாகக் கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தின் 'கொள்ளலாம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"லாம்னுதானே போட்டிருக்கான்? கொள்ளாமலும் இருக்கலாம்ல?"

எங்கள் தீவில் தீயணைப்புப் படை என்பது ஊர் ஆண்கள்தான். மாதத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். பெண்கள் காபியும் திராட்சைப் பணியாரமும் கொண்டுபோவோம். எழுத்தர் ஆர்னல்ட் பெயர்ப் பட்டியலை வாசிப்பார். 'லெஸ்டர் ஹாஸ்பெல்' என்று வரும்போது அம்மா காபிப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து, "வெளிய போயிருக்கான்" என்பாள். ஆர்னல்ட் ஒரு குறி போட்டுக்கொள்வார். இப்படியே பத்தாண்டுக்கு மேல் நடந்தது. பெயரை அடிக்க அவருக்குத் துணிவில்லை. அம்மாவின் கை பெரிய கை, அறைந்தால் தாங்காது.

அம்மா அந்தத் தூணில் ஒரு நாளும் ஏறியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை பறிக்கும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். "அதிகாரிங்களுக்குக் கல்லு, மத்தவனுக்குத் தண்ணி. அதைப் போய் நான் பாக்கணுமா?" என்பாள். ஆனால் எர்னா அங்கே வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை. உயரத்திலிருந்து பார்த்தால் வருகிறவன் முதலில் தெரிவான் என்று நினைத்தாளோ என்னவோ.

1953 செப்டம்பரில் ஒரு பிற்பகல். ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து வந்து கரையை விழுங்கிவிட்டது. படகுத்துறை போயிற்று, மரங்கள் போயின, தூணின் அடிப்பாகமும் போயிற்று. பார்வையாளர் யாருமில்லை. கதவைச் சாத்தலாமா என்று எர்னா யோசித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் படியேறி வந்தான். நெடுநெடுவென்ற உயரம், பெரிய காதுகள், மீன்பிடிக்கிறவர்கள் போடும் தடித்த கோட்டு.

"மேல போனா ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் எர்னா.

"பரவால்லங்க. படகை எடுத்துக்கிட்டுப் பன்னிரண்டு மைல் வந்துட்டேன். இன்னும் முந்நூறு அடிதானே."

மேலே போய்க் கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் மாடத்தின் ஓரத்துக்கு நடந்தார்கள். எர்னா இதை என்னிடம் பாத்திரம் துலக்கும்போது சொன்னாள். கை ஈரத்தோடு நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம். கீழே எங்கும் வெள்ளை. தீவு இல்லை, ஏரி இல்லை, பஞ்சுபோல ஒரு சமவெளி உலகம் முடிகிற இடம்வரை விரிந்து கிடந்தது. அதன் நடுவே அவர்கள் நின்ற மாடம் மட்டும் மிதந்தது. சத்தமே கிடையாது. எங்கோ ஒரு படகின் ஊதல், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல. வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து விழ, தூணின் நிழல் அந்த வெள்ளைமேல் நீலமாக, நீளமாக, வடகிழக்கே படுத்திருந்தது.

"போர் நடந்த இடம் அந்தப் பக்கம்" என்று எர்னா வழக்கம்போல மேற்கே கையைக் காட்டினாள். "இன்னைக்குத் தெரியாது."

"போர் இருக்கட்டுங்க. நான் என் வீட்டைப் பாக்க வந்தேன்."

"உங்க வீடா?"

"பீலீ தீவு. கனடாப் பக்கம். பொறந்ததிலேர்ந்து எங்க முற்றத்துல நின்னு இந்தத் தூணைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஊசி மாதிரி தெரியும். இங்கேர்ந்து நாங்க எப்படித் தெரியறோம்னு ஒரு தடவை பாக்கணும்னு ஆசை." அவன் அந்த நிழலைக் காட்டினான். "அதோட நுனியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தா எங்க வாசல் வந்துரும்."

எர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வெள்ளைமேல் இறங்கி நிழலைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்விடலாம் என்றுதான் அவளுக்கும் அந்த நேரத்தில் தோன்றியதாம்.

அவன் பெயர் மர்டோ. சோயா பயிரிடுகிறவன். கல்யாணம் ஆகவில்லை, வயதான அப்பா மட்டும்.

அடுத்த ஆண்டு ஜூனில் மறுபடி வந்தான். அது ஈசல்போன்ற ஏரிப்பூச்சிகளின் காலம். ஏரியிலிருந்து கோடிக்கணக்கில் எழும்பி வந்து கல்லெல்லாம் அப்பிக்கொள்ளும். நாங்கள் மண்வெட்டியால் வாரிக் கொட்டுவோம். மேலே வெக்கையில் வானமும் தண்ணீரும் ஒரே பால்நிறமாகக் கலந்திருந்தன. கோடே தெரியவில்லை. அன்றும் அவன் வீடு தெரியவில்லை.

"உங்க வீடு நெசமாவே இருக்கா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்றாள் எர்னா.

"எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. போய்ப் பாத்துட்டு எழுதறேன்."

எழுதினான். 'இருக்கிறது' என்று ஒரே சொல். எர்னா அந்த அஞ்சலட்டையை அம்மாவிடம் காட்டவில்லை, என்னிடம் காட்டினாள். லெஸ்டர் எனக்கு ஒரே அண்ணன். பனிக்கட்டிமேல் சறுக்க எனக்குக் கற்றுத்தந்தவன். அவன் இடத்தில் யாராவது உட்காரக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மூன்றாவது தடவை 1955 அக்டோபரில். காற்று கண்ணாடிபோல இருந்தது. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் தேடினான். வடகிழக்கே பச்சையாக ஒரு கீற்று, தண்ணீர்மேல் யாரோ விட்டுப்போன ரொட்டித் துணுக்கு மாதிரி.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்."

"அதுக்குள்ளயா எங்கப்பா காலைலேர்ந்து கத்திக்கிட்டிருக்காரு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் எர்னா லெஸ்டரைப் பற்றிச் சொன்னாள். மர்டோவும் போர்க்காலத்தில் கனடாக் கடற்படையில் இருந்தவன் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன சிறு கப்பலில் நான்கு ஆண்டு. பதினோரு ஆண்டுகளாக யாரிடமும் கேட்காததை அவள் அவனிடம் கேட்டாள்.

"தண்ணில விழுந்தவங்களுக்கு எப்படி இருக்கும்? பாதிரியார் தூக்கம் மாதிரி இருக்கும்னாரு. கடற்படைலேர்ந்து வந்தவர் ஒரு நொடிதான்னாரு."

மர்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நான் சிலரைத் தண்ணிலேர்ந்து தூக்கிருக்கேன் எர்னா. சிலரைத் தூக்க முடியாம விட்டுட்டுப் போயிருக்கேன். அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

எர்னா அழவில்லை. பதினோரு ஆண்டில் முதல் தடவையாகத் தரை காலுக்கடியில் நின்றது என்று என்னிடம் சொன்னாள். அந்த மிதப்பு நின்றுவிட்டதாம்.

1956 செப்டம்பர் கடைசியில் மர்டோ அவளைக் கேட்டான். திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு சாப்பாட்டில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். எர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, பீலீத் தீவுல ஒருத்தர் இருக்காரு. என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்காரு. நான் சரின்னு சொல்லல. உங்ககிட்ட கேட்காம சொல்ல மாட்டேன்."

அம்மா மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கினாள்.

"லெஸ்டர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

எர்னாவுக்கு முன் நான்தான் வாய் திறந்தேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"அண்ணன் வர மாட்டான்மா."

அம்மா எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. தோட்டத்தில் கூடை கூடையாகப் பறித்தாள், யார் முகத்தையும் பார்க்காமல். நான்காம் நாள் காலை, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எர்னா, இன்னைக்கு அந்தத் தூணு திறந்திருக்கா?"

"இருக்கும்மா."

"என்னை மேல கூட்டிட்டுப் போ."

மூவரும் நடந்தோம். முப்பத்தேழு படியிலும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறு பேர் படுத்திருக்கும் தரையைக் கடக்கும்போது மட்டும் ஓரமாகச் சுற்றி நடந்தாள், யாரையும் மிதித்துவிடக் கூடாது என்பதுபோல. எர்னா கதவை இழுத்து மூடினாள். லிஃப்ட் ஏறும்போது அம்மா கண்ணை இறுக மூடியிருந்தாள்.

மேலே நல்ல வெளிச்சம். மெல்லிய காற்று. காற்றடிக்கும்போது தூண் இம்மி அசையும் என்பார்கள். அன்று எனக்கு அது தெரிந்தது. கீழே எங்கள் வீட்டுக் கூரை ஒரு தீப்பெட்டி. எங்கள் தோட்டம் ஒரு கைக்குட்டை. அதைச் சுற்றித் தண்ணீர். மேற்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், வெள்ளியும் நீலமுமாக மினுங்கிக்கொண்டே போய் வானத்தோடு சேர்ந்தது. ஒரு சரக்குக் கப்பல் நகராமல் நின்றது போலிருந்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

அம்மா அறுபத்தைந்து ஆண்டு அந்தத் தண்ணீரோரத்தில் வாழ்ந்தவள். மேலேயிருந்து பார்த்ததில்லை. மாடத்தை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வந்தாள். பிறகு கேட்டாள்:

"இது ஏரிதானே?"

"ஆமாம்மா."

"பசிபிக்கு இதைவிடப் பெருசா?"

எர்னா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தே சொன்னாள். "ரொம்பப் பெருசும்மா. இந்த மாதிரி ஆயிரக்கணக்கான ஏரி அதுக்குள்ள அடங்கும்."

அம்மா கைப்பிடிச் சுவர்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். திராட்சைச் சாறு ஊறிக் கறுத்த விரல்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. கீழிருந்து மணி அடித்து லிஃப்டைக் கூப்பிட்டார்கள். எர்னா போகவில்லை. மறுபடி அடித்தார்கள். அவள் போகவில்லை.

"எவ்வளவு தண்ணி" என்றாள் அம்மா. கோபமாக இல்லை. ஒரு பெரிய வீட்டுக்குள் முதல் தடவை நுழைந்தவள் சொல்வதுபோலச் சொன்னாள். "பாவம், அவன் எங்கேர்ந்து நீந்தி வருவான்?"

நாங்கள் இரண்டு பக்கமும் போய் அவளைப் பிடித்துக்கொண்டோம். அவள் எர்னாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிசெய்தாள்.

"அந்த ஆள் வீடு எங்க?"

எர்னா வடகிழக்கே காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இத்தனூண்டு எடமா? சரி, போ. நீ நின்னு காத்திருந்தது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அடுத்த தீயணைப்புக் கூட்டத்தில் ஆர்னல்ட் பட்டியல் வாசித்தார். 'லெஸ்டர் ஹாஸ்பெல்' என்று வாசித்துவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அம்மா கோப்பைகளில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்ததும், "அடுத்த பேரை வாசியேன் ஆர்னல்ட், காபி ஆறுது" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். அந்த மாதத்திலிருந்து பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது.

1957 வசந்தத்தில் கல்யாணம் முடிந்து எர்னா அக்கரைக்குப் போனாள். லிஃப்டை ஓட்ட என்னைக் கேட்டார்கள். ஏற்றுக்கொண்டேன். அந்த ஆகஸ்டில் மர்டோ தன் படகில் வந்து அம்மாவையும் என்னையும் அழைத்துப் போனான். பீலீத் துறையில் சுங்க மேசை ஒன்று உண்டு. அங்கே இருந்த இளைஞன் படிவத்தை எடுத்தான்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"

"என் மருமகளை" என்றாள் அம்மா.

"அப்போ இவர் உங்க மகன்?" என்று மர்டோவைக் காட்டினான்.

"இல்ல. இவன் என் மருமகளோட புருஷன்."

அவன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தான். "மருமகளோட புருஷன்னா மகன்தானேம்மா?"

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லங்க."

"அப்ப உனக்குப் புரியாது. எழுது, சொந்தம்னு எழுது."

அவன் அப்படியே எழுதினான். பத்து நாளுக்கென்று போன அம்மா ஏழு வாரம் தங்கினாள். மர்டோவின் அப்பாவோடு தினமும் சீட்டாடினாள், தினமும் சண்டை போட்டாள். அவர் ஏமாற்றுகிறார் என்று இவள் சொன்னாள், இவள் ஏமாற்றுகிறாள் என்று அவர் சொன்னார். இரண்டும் உண்மை என்றாள் எர்னா.

எர்னாவுக்கு முப்பத்தெட்டாவது வயதில் ஒரு பெண் பிறந்தாள். அங்கே மண் நல்ல மண், சோயாவோடு திராட்சையும் போட்டார்கள். பதினெட்டு ஆண்டு பீலீப் பள்ளியின் சமையலறையை நடத்தினாள். ஏரி உறையும் குளிர்காலங்களில் சிறு விமானத்தில் வந்து எங்களோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். அம்மா இறந்தபோது வந்தாள், மூன்று வாரம் இருந்தாள், அம்மாவின் பெட்டியை என்னோடு சேர்ந்து காலி செய்தாள். மர்டோ போன பிறகும் அந்த வீட்டை விட்டு அவள் நகரவில்லை.

ஒரு தடவை கேட்டேன். "நீ முதல்ல அவர்கிட்ட எதைப் பாத்து விழுந்த?"

அப்போது அவளுக்கு எழுபது. மகளுக்காக ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மூடுபனில ஒண்ணுமே தெரியலல்ல? அவர் அதுக்குச் சலிச்சுக்கவே இல்லடி. ஒண்ணும் தெரியாததையே அவ்வளவு ஆசையா பாத்துக்கிட்டு நின்னாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். "தின்னு பாரு, புளிக்குதா?"

புளித்தது. பணியாரத்துக்கு அதுதான் சரி என்று சொன்னேன். இருவருமாக மாவு பிசைய உட்கார்ந்தோம்.